சீனி வருத்தக் குளிசை: பயந்து நிறுத்தவும் வேண்டாம், நினைத்த மாதிரி போடவும் வேண்டாம்



கொழுந்து நிறுக்கிற இடத்திலும், பிரட்டுக் களத்திலும், பீலிக் கரையிலும் சீனி வருத்தத்தைப் பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. "எனக்கு இப்ப ஒண்ணும் இல்லீங்க, குளிசைய விட்டு ரெண்டு மாசமாச்சு" என்று ஒருவர் சொல்வார். "அந்தக் குளிசைய போட்டா கிட்னி போயிடுமாம்" என்று இன்னொருவர் சொல்வார். "போட்ட மூணாம் நாளே வயித்தால போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்று மூன்றாமவர் சொல்வார்.

இந்த மூன்று பேரும் பேசுவது அநேகமாக ஒரே குளிசையைப் பற்றித்தான். அதன் பெயர் மெட்போமின். வயது வந்த பிறகு வருகிற சீனி வருத்தத்துக்கு உலகம் முழுவதும் அதிகமாகக் கொடுக்கப்படும் வாய்வழி மருந்து இதுதான். நமது அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குகளிலும் இது இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கையில் கிடைத்த மருந்து வாய்க்குப் போகாமல் தகரப் பெட்டியிலே கிடந்தால் யாருக்கு என்ன பிரயோசனம்? ஆகவே இந்தக் குளிசை என்ன செய்கிறது, எப்படிப் போட வேண்டும், எப்போது நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை இம்முறை விளக்கமாகப் பார்ப்போம்.

சீனி வருத்தம் எப்படி வருகிறது?

நாம் சாப்பிடுகிற சோறு, ரொட்டி, பாண், கிழங்கு எல்லாம் வயிற்றில் செரித்துக் கடைசியில் குளுக்கோஸ் என்ற சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சீனி தசைகளுக்குள் போனால்தான் நமக்கு வேலை செய்யப் பெலன் வரும். உள்ளே போக வழி திறந்துவிடுவது இன்சுலின். அது வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற கணையம் என்ற உறுப்பில் சுரக்கிறது.

நமது தோட்டத்து வழக்கத்திலேயே சொல்கிறேன். கொழுந்து லொறி பெக்டரி கேட்டுக்கு வருகிறது. காவல்காரர் கேட்டைத் திறந்தால் கொழுந்து உள்ளே போகும். கேட் துருப்பிடித்து இறுகிப் போனால், காவல்காரர் எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். லொறிகள் ரோட்டிலே வரிசையாக நிற்கும். இரத்தத்தில் சீனி கூடுவது இப்படித்தான். இன்சுலின் இருக்கிறது, ஆனால் அது சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. போகப் போக கணையமும் களைத்துவிடும். இதைத்தான் டொக்டர்மார் டைப் 2 நீரிழிவு என்று சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நாம் சாப்பிடாத நேரத்தில், முக்கியமாக இரவில், உடம்புக்குத் தேவையான சீனியை ஈரல் தானே தயாரித்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. சீனி வருத்தக்காரரின் ஈரல் அளவு தெரியாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ரோட்டில் லொறி நிறைந்து நிற்கும்போது மேல் டிவிஷனில் இருந்து இன்னும் இன்னும் கொழுந்து வந்து சேர்வது போலத்தான். "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல, காலைல பாத்தா சீனி 180 காட்டுதே" என்று சிலர் ஆச்சரியப்படுவதற்குக் காரணம் இதுதான்.

2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. இது பணக்கார வருத்தம், டவுன்காரர் வருத்தம் என்று சொன்ன காலம் போய்விட்டது.

மெட்போமின் என்ன வேலை செய்கிறது?

முதலாவது, ஈரல் தேவையில்லாமல் சீனி அனுப்புவதைக் குறைக்கிறது. மேல் டிவிஷனுக்கு "இன்னிக்கு போதும்" என்று சொல்வது போல. இதுதான் அதன் பெரிய வேலை. இரண்டாவது, இறுகிப் போன கேட்டைக் கொஞ்சம் இளக்கிவிடுகிறது. உடம்பு தன்னுடைய இன்சுலினுக்கே கூடுதலாகக் கீழ்ப்படியத் தொடங்கும்.

இந்தக் குளிசை கணையத்தை அடித்து விரட்டி வேலை வாங்குவதில்லை. அதனால் மெட்போமின் மட்டும் போடுகிறவருக்குச் சீனி திடீரென்று கீழே விழுந்து மயக்கம் வருவது அரிது. ஆனால் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளையோ இன்சுலின் ஊசியையோ சேர்த்து எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து உண்டு. அவர்கள் வெறும் வயிற்றோடு மலை ஏறக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று, படபடப்பு வந்தால் உடனே சீனி கரைத்த தண்ணி குடித்து, கொஞ்ச நேரத்தில் சாப்பிடவும் வேண்டும். கொழுந்துப் பையில் இரண்டு மூன்று இனிப்பு வைத்திருப்பது நல்லது. பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இது எங்கிருந்து வந்த மருந்து?

"இது இங்கிலீசு மருந்து, சூடு. நமக்குப் பச்சிலைதான் ஒத்துக்கும்" என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. மெட்போமினும் ஒரு செடியின் வழி வந்ததுதான். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி உண்டு. அளவு கடந்த மூத்திரப் போக்குக்கு அங்குள்ள நாட்டு வைத்தியர்கள் அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதே செடியை நிறையத் தின்ற ஆடுகள் செத்தும் போயிருக்கின்றன. செடியில் நன்மையும் இருந்தது, நஞ்சும் இருந்தது. அதில் உள்ள பொருளை ஆராய்ந்த வழியில்தான் 1922ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் மெட்போமின் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. பல வருடம் அதை யாரும் கவனிக்கவில்லை. 1957ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு டொக்டர் ஜான் ஸ்டேர்ன் அதைச் சீனி வருத்தக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, கிடைத்த பலனை வெளியிட்டார். அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 1994ஆம் ஆண்டு கடைசியில்தான்.

இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டு தொடங்கி இருபது வருடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1998இல் வெளிவந்தது. உடம்பு பருத்த சீனி வருத்தக்காரர்களில் மெட்போமின் போட்டவர்களுக்கு, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பி இருந்தவர்களை விட மாரடைப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஆக, இது நேற்று வந்து இன்று நம்மீது பரீட்சை பார்க்கிற மருந்து அல்ல.

பாவக்காய், கொவ்வை இலை, கொத்தலஹிம்புட்டு இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கறியாகச் சாப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் கசாயமாகவோ தூளாகவோ எடுப்பதானால் அதைக் கிளினிக் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம். அதைக் குடிக்கிறோம் என்று குளிசையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

ஒரு மருந்து, பல பெயர்

இது கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. மெட்போமின் என்பது மருந்தின் சொந்தப் பெயர். வெவ்வேறு கம்பெனிகள் அதே மருந்துக்கு வெவ்வேறு பெயர் வைத்து விற்கின்றன. குளுக்கோபாஜ் என்பதும் இதேதான். கிளினிக்கில் கொடுத்தது ஒன்று, டவுன் பாமசியில் வாங்கியது வேறொன்று என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால், ஒரே மருந்தை இரண்டு மடங்கு போட்டதாகிவிடும்.

நமது நாட்டில் மருந்தைக் கம்பெனிப் பெயரில் அல்லாமல் சொந்தப் பெயரிலேயே எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று 1970களில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. ஏழைக்கும் குறைந்த விலையில் நல்ல மருந்து கிடைக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். நீங்களும் மட்டையில் இருக்கிற சொந்தப் பெயரைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வேறு இடத்தில் மருந்து எடுக்கும்போது கிளினிக் கொப்பியையும் பழைய மட்டையையும் கட்டாயம் காட்டுங்கள்.

எப்படிப் போடுவது?

சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே போட வேண்டும். வெறும் சாயத் தண்ணியோடு விழுங்கிவிட்டு மலைக்கு ஓடினால் வயிறு குழம்பத்தான் செய்யும். காலையில் அவசரம் என்றாலும் ஒரு ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

வழக்கமாக 500 மில்லிகிராம் குளிசையில் தொடங்கி, உடம்பு பழகப் பழக டொக்டர் மெதுவாகக் கூட்டுவார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று, இன்னொருவருக்கு நாலு என்று இருக்கலாம். "அவவுக்கு ரெண்டு, எனக்கு ஏன் மூணு?" என்று ஒப்பிட வேண்டியதில்லை. அவரவர் இரத்தம், எடை, கிட்னி இவற்றைப் பார்த்துத்தான் அளவு வைக்கிறார்கள்.

மெதுவாகக் கரையும் வகைக் குளிசையும் உண்டு. அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். சில நேரம் அதன் வெற்றுக் கூடு மலத்தோடு வெளியே வரும். "குளிசை கரையாம அப்படியே வருது" என்று பயப்பட வேண்டாம். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வந்தது கூடுதான்.

ஒரு நேரம் மறந்துவிட்டால் அடுத்த நேரத்துக்கு உரியதை மட்டும் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம்.

பக்கத்துக் காம்பராவுக்கு உப்பு, சீனி கைமாத்து கொடுக்கலாம். குளிசை கொடுக்கக் கூடாது. உங்களுக்கு நல்லது செய்கிற குளிசை அடுத்தவருக்குக் கேடு செய்யலாம். அடுப்படித் தட்டிலும் வைக்காதீர்கள், புகையும் ஈரமும் படும். சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், காய்ந்த டப்பாவில் வையுங்கள்.

வயிறு குழம்பினால்?

ஆரம்பத்தில் சிலருக்கு வயிற்றோட்டம், குமட்டல், வயிற்றுப் பொருமல், வாயில் இரும்புச் சுவை வரும். இது உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. மலையில் வேலை செய்கிற பெண்களுக்கு வயிற்றோட்டம் எவ்வளவு பெரிய கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் கக்கூசு இல்லை, வெட்கத்தில் வெளியே சொல்லவும் மாட்டார்கள். சத்தமில்லாமல் குளிசையை விட்டுவிடுவார்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம், மெதுவாகக் கரையும் வகை கொடுக்கலாம், வேறு மருந்தும் கொடுக்கலாம். சொல்லாதவருக்கு எப்படி மாற்றித் தருவார்கள்?

பல வருடம் போடுகிறவர்களுக்கு பி12 என்ற விட்டமின் குறையக்கூடும். அதனால் சோகை வரலாம், கால் விரல் மரத்துப் போகலாம். மச்சம் மாமிசம், முட்டை, பால் எடுக்காதவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கால் மரத்தால் சீனியால்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

கிட்னி பழுதாகுமா?

நான் அதிகமாகக் கேட்கிற கேள்வி இது. மெட்போமின் கிட்னியைப் பழுதாக்குவதில்லை. கிட்னியைப் பழுதாக்குவது கட்டுப்படாத சீனியும் கட்டுப்படாத பிரஷரும்தான்.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? மெட்போமின் உடம்பை விட்டு வெளியேறுவது கிட்னி வழியாகத்தான். கிட்னி ஏற்கனவே பெலவீனமாகிவிட்டால் மருந்து வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும். ஆகவே டொக்டர் அளவைக் குறைப்பார், மிகவும் பழுதாகியிருந்தால் முழுவதும் நிறுத்திவிடுவார். இதைப் பார்க்கிற சனங்கள் "குளிசை போட்டாரு, கிட்னி போச்சு, டொக்டரே நிறுத்திட்டாரு" என்று கதையைத் திருப்பிச் சொல்கிறார்கள். உண்மை என்னவென்றால், சீனியால் கிட்னி போனது, அதனால் குளிசை நின்றது. "கிட்னி போயிடும்" என்று பயந்து குளிசையை விடுகிறவர், எதற்குப் பயந்தாரோ அதையே கூப்பிட்டு வரவழைக்கிறார்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது கிட்னிக்கான இரத்தச் சோதனையும் மூத்திரச் சோதனையும் செய்ய வேண்டும். கிளினிக்கில் நீங்களாகவே கேட்கலாம், தப்பில்லை.

நிறுத்தி வைக்க வேண்டிய நேரம்

குளிசையை விடாதீர்கள் என்று சொல்கிற நானே, சில நாட்களில் நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.

கடும் வாந்தி, வயிற்றோட்டம், சாப்பிடவோ தண்ணி குடிக்கவோ முடியாத காய்ச்சல் வந்தால் உடம்பில் நீர் வற்றிப் போகும். அப்போது கிட்னி மருந்தை வெளியேற்றாது. அந்த நேரம் மெட்போமினை நிறுத்தி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திரும்ப எப்போது தொடங்குவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இன்சுலின் ஊசி போடுகிறவர் அதை நினைத்த மாதிரி நிறுத்தக் கூடாது.

ஒப்பரேஷனுக்கோ, நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேனுக்கோ போவதானால் மெட்போமின் போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பம் தரித்தால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதம் பிடிப்பவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

சாராயமும் கசிப்பும் இந்தக் குளிசைக்கு எதிரி. அளவு மிஞ்சிக் குடிக்கிறவர் மெட்போமின் போடும்போது, இரத்தத்தில் ஒருவகை அமிலம் கூடி உயிருக்கே ஆபத்து வரலாம். இது அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் பிழைப்பது கஷ்டம். மூச்சு வாங்குதல், தாங்க முடியாத சோர்வு, வயிற்று வலி, தசை வலி, உடம்பு குளிர்ந்து போதல் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"சுகமாயிட்டேன், இனி எதுக்கு?"

சீனி வருத்தம் காய்ச்சல் மாதிரி வந்து போகிற ஒன்றல்ல. குளிசை போடுவதால்தான் சீனி அடங்கியிருக்கிறது. மழைக்குக் கூரைத் தகரம் ஒழுகவில்லை என்பதற்காகத் தகரத்தைக் கழற்றிவிடுவோமா?

சீனி 200, 250 இருந்தும் ஒன்றும் தெரியாமல் வேலை செய்கிறவர்கள் உண்டு. வெளியே வலி இல்லாமலே உள்ளே கண்ணும் கிட்னியும் கால் நரம்பும் கெட்டுக்கொண்டிருக்கும். நம்மவர்களுக்குப் பெரிய ஆபத்து காலில்தான். அட்டைக் கடி, தேயிலைக் குச்சி குத்தினது, கல் கிழித்தது எல்லாம் மரத்துப்போன காலுக்குத் தெரியாது. சின்னப் புண் அழுகி விரல் எடுத்தவர்களையும், முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தவர்களையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலை இழந்த பிறகு மலை ஏது, பேர் ஏது? தினமும் வேலை விட்டு வந்து காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கையும் பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். சொந்தமாகப் பார்க்க முடியாவிட்டால் பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விசயம். மாசம் முழுக்கக் குளிசையை விட்டுவிட்டு, கிளினிக்குக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டு, சோற்றையும் குறைத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைய சீனி குறைவாகக் காட்டலாம். ஆனால் எச்பிஏ1சி என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டிவிடும். பொதுவாக அது 7க்குக் கீழே இருப்பது நல்லது. டொக்டரை ஏமாற்றினாலும் நமது இரத்தத்தை ஏமாற்ற முடியாது.

குளிசை மட்டும் போதாது

சாயத் தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக்கொண்டே மெட்போமினும் போடுவது, ஓட்டைக் கூடையில் கொழுந்து எடுப்பது போல. தேத்தண்ணியில் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிடுங்கள். கோதுமை மா ரொட்டியும் சோறும் குறையட்டும். கீரை, பயறு, கௌபி, அவித்த முட்டை, நெத்தலி கூடட்டும். "நாங்க நாள் முழுக்க மலை ஏறுறோமே, எங்களுக்கு எப்படி சீனி வரும்?" என்று கேட்பவர்களுக்கு: நடை நல்லது, ஆனால் அது ஒன்றே காவல் இல்லை. பரம்பரையும் சாப்பாடும் வயதும் சேர்ந்துதான் வருகிறது.

கிளினிக் நாளில் ஒரு நாள் பேர் போகும், பஸ்சுக்கும் செலவாகும். அது நமக்குச் சின்ன இழப்பல்ல. ஆனாலும் அந்த ஒரு நாளைக் கணக்குப் பார்த்து விட்டால், பிறகு மாசக் கணக்கில் வார்ட்டில் படுக்க வரும். கிளினிக் தேதியை முன்கூட்டியே கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். ஒரே லயத்தில் நாலு பேர் இருந்தால் ஒரே தேதி கேட்டு, ஆட்டோ பிடித்துச் சேர்ந்து போகலாம். சாப்பிடாமல் இரத்தம் கொடுக்க வேண்டிய நாளில் குளிசையையும் சாப்பாட்டையும் கையில் கொண்டு போய், இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட்டுப் போடுங்கள்.

35 வயது தாண்டியவர்கள் வருத்தம் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு தடவை இரத்தம் சோதித்துப் பாருங்கள். சாப்பிடாமல் பார்க்கும்போது 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை காட்டினால் சீனி வருத்தம். நடுவில் இருந்தால் இப்போதே சாப்பாட்டைத் திருத்த வேண்டிய எச்சரிக்கை.

வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவும் அப்பாவும் மறந்து போவார்கள். "குளிசை போட்டீங்களா?" என்று இராச் சாப்பாட்டு நேரம் ஒரு தடவை கேளுங்கள். கேட்க ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில் குளிசை பெட்டியில் தூங்காது.

சந்தேகம் இருந்தால் லயத்துப் பேச்சை நம்பாமல் தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள், குடும்ப நல மிஸ்ஸிடம் கேளுங்கள், என்னிடமும் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.